கடைசல் பேனாவும் அதன் இடைப்பூணும்

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் எதற்காக இடப்படுகிறது என்பதைக் கிராமத்தில் பிறந்தவர் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. குத்தும் வேகத்தில் மரம் பிளந்துவிடாமல் காப்பது அப்பூண். கோடையில் மரம் காய்ந்து சுருங்கிப் பூண் ஆடத் தொடங்கினால், அம்முனையைத் தண்ணீரில் ஊறவைத்து, மரத்தை உப்பச் செய்து, பூணை இறுக்கிக்கொள்வதை நம் பாட்டிமார் நன்கு அறிவர். ஈரத்தை வாங்கினால் மரம் பருக்கும்; விட்டால் சுருங்கும்; உலோகமோ அங்ஙனம் செய்வதில்லை. இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், நாம் ஈண்டுச் சொல்லப் புகும் கடைசல் பேனாத் தொழிலின் பாதி விளங்கிவிடும்.

கடைசல் தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம், சப்பாத்திக் கட்டை ஆகியவற்றைக் கடைந்து தந்த குடும்பங்கள் பல ஊர்களில் இருந்தன. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. கர்நாடகத்துச் சென்னபட்டணமும் ஆந்திரத்து ஏடிகொப்பாகாவும் அரக்கு வண்ணம் ஏற்றிய மரப் பொம்மைகளால் பெயர் பெற்றவை. பிளாஸ்டிக் சாமான்கள் வந்த பிறகு இத்தொழிலுக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. பட்டறை இருக்கிறது, உளி இருக்கிறது, கையில் திறமையும் இருக்கிறது, கடைவதற்குத்தான் பொருளில்லை. இந்நிலையில் உள்ள ஒரு கடைசல்காரர் தம்மிடமுள்ள கருவிகளுடன் சிலவற்றை மட்டும் சேர்த்துத் தொடங்கக்கூடிய வேலை, மரப் பேனா கடைதல்.

பேனாவுக்கும் கிராமக் கைத்தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்க்கு ஒரு பழைய செய்தி. 1930-களில் இராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் உள்நாட்டிலேயே ஊற்றுப்பேனா செய்யத் தொடங்கினார். கெட்டிப்படுத்திய ரப்பராகிய எபொனைட்டுத் தண்டுகளைக் கடைந்து செய்யப்பெற்ற அப்பேனாக்களில் ஒன்று, அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜே. சி. குமரப்பா வாயிலாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. அதனைப் பயன்படுத்திப் பார்த்த அடிகள், கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு ஈடாக அமையும் என்று 1935-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். குமரப்பா தஞ்சையிற் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நிற்க. இன்று கடையப்பெறும் மரப் பேனாவின் அமைப்பைக் காண்போம். மெலிந்த வகைப் பேனாவுக்குரிய உதிரிப்பாகத் தொகுப்பு விலைக்குக் கிடைக்கிறது. அதில் இரண்டு பித்தளைக் குழாய்கள், முனைப்பகுதி, திருகினால் எழுதுமுனையை வெளிக்கொணரும் பொறி, சட்டைப்பைக் கொக்கி, தலைமூடி, இரண்டு பாதிகளுக்கும் நடுவில் அமரும் ஓர் உலோக வளையம் ஆகியவை இருக்கும். கடைசல்காரர் செய்ய வேண்டியது, குழாய்கள் இரண்டின்மேலும் மரத்தைப் போர்த்திக் கடைவதே.

இங்குதான் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி ஒன்று உண்டு. தொகுப்பில் வரும் உலோக வளையம் எல்லாப் பேனாவிலும் ஒன்றே. ஆயிரம் பேர் ஆயிரம் ஊரில் கடைந்தாலும் நடுவில் மின்னுவது அதே வளையம். வாங்குவோர் கண் முதலில் படும் இடமும் அதுவே. ஆதலால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அவ்விடத்தில் தாமே செய்த பூணைப் பொருத்துகிறவரின் பேனா மட்டுமே அவருடைய பேனாவாகிறது. மற்றவருடையது, எவ்வளவு வழவழப்பாக இருப்பினும், யாரோ செய்த உறுப்புகளைக் கோத்துக் கொடுத்ததாகவே மதிக்கப்பெறும். கூலியும் அதற்கேற்பவே கிடைக்கும்.

செய்முறை வருமாறு. 20 மில்லிமீட்டர் சதுரமும் 125 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டையை எடுத்து, பக்கவாட்டில் பென்சிலால் நீளக் கோடு ஒன்று இட்டு, பிறகு இரண்டாக அறுக்கவேண்டும். மேற்பாதி எது, கீழ்ப்பாதி எது, எந்தப் பக்கம் எதனோடு சேரும் என்பதை அக்கோடு நினைவூட்டும். இரேகை இடையில் முறியாமல் ஓடும். 7 மில்லிமீட்டர் துளைப்பானால் நீளவாட்டில் துளையிட வேண்டும். ஒரே மூச்சில் இறக்கலாகாது. விரல் நக அளவு இறங்கியதும் வெளியே இழுத்துத் தூளை உதற வேண்டும்; இன்றேல் சூடேறித் துளை வெளிவரும் முனையில் மரம் வெடிக்கும். குழாயின் புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எப்பாக்சி பசை தடவி, திருகியவாறு உள்ளே செலுத்த வேண்டும். பசை குழாயினுள் புகாதிருக்க அதன் வாயை உருளைக்கிழங்கு வில்லையில் ஒருமுறை அழுத்தி அடைத்துக்கொள்வது எளிய உபாயம். மறுநாள் கிழங்கைக் குத்தித் தள்ளிவிட்டு, மரத்தின் இரு முனைகளையும் குழாயின் வாய்வரை நேராகச் செதுக்கி, கோப்புக் கம்பியில் மாட்டிக் கடையலாம்.

பூணுக்கு வருவோம். மேற்பாதியின் கீழ்முனையில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தை வெட்டுளியால் பித்தளை தெரியும்வரை நீக்கவேண்டும். எஞ்சிய மரத்தின் விளிம்பு, செங்குத்தான தோளாக நிற்கவேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் பூணின் ஓரத்தில் கருங்கோடு தெரியும். தனியே துளையிட்டு வைத்துள்ள பூண்துண்டைப் பசையுடன் அதில் கோத்து, ஒரு பகல் ஓர் இரவு ஆறவிட்டு, உடலோடு உடலாகக் கடைந்துவிட வேண்டும்.

பூணுக்கு எதை இடுவது? நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. நாம் கண்டவற்றுள் முதலிடம் கொட்டாங்கச்சிக்கே தருவோம். முற்றிய தேங்காயின் ஓடு 3 முதல் 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும். பக்கச் சுவரிலிருந்து கட்டைவிரல் நக அகலத்துக்கு ஒரு சில்லு அறுத்து, இரு முகத்தையும் தட்டையாகத் தேய்த்து, நடுவில் துளையிட்டால் பூண் ஆயிற்று. மெருகேற்றினால் கருமையும் செம்மையும் கலந்த நிறம் தரும். வெட்பாலை மரம் தந்தம் போல வெளுத்தது. சென்னபட்டணத்துப் பொம்மைக்கு அதுவே உரிய மரம். அதில் 1 மில்லிமீட்டர் வில்லைகள் இரண்டை எடுத்து, இடையே கொட்டாங்கச்சி வில்லையை வைத்து ஒட்டினால், வெள்ளை, கருப்பு, வெள்ளை என மூன்று வரிப் பூண் கிடைக்கும். வேம்பின் செம்மையும் பூவரசின் பழுப்பும் உடலுக்கு ஏற்றவை. தேய்க்கும்போது ஓட்டின் கருந்தூள் வெள்ளை மரத்தின் நுண்துளைகளில் ஏறி அழுக்காக்கிவிடும். இதைத் தவிர்க்க, முதலில் அரக்குக் கரைசலை மெலிதாக ஒருமுறை பூசிவிட்டு, கடைசி உப்புத்தாளைப் பொறியை நிறுத்தி நீளவாட்டில் தேய்ப்பது வழி.

பசையே வேண்டாத பூணும் ஒன்று உண்டு. அது அரக்குப் பூண். உடல் முழுதும் கடைந்து முடிந்தபின் நடுவில் ஆழமில்லாப் பள்ளம் வெட்டி, சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் பள்ளத்தை நிரப்பும். பிறகு தாழை மடலைக் கொண்டு அழுத்தித் தேய்க்கக் கண்ணாடிபோல் மின்னும். சொப்பு கடைந்த கைக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு குறைகளை வாங்குவோரிடம் மறையாமல் சொல்லிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் போட்டு வைத்தால் அரக்கு இளகக்கூடும். சாராயச் சத்தில் அரக்கு கரையும். கொரோனாக் காலத்திற்குப் பின் பல அலுவலக மேசைகளில் இடம்பிடித்துவிட்ட கைசுத்திகரிப்பு நீரில் இருப்பதும் அச்சத்தே. கையைத் துடைத்த ஈரத்தோடு பேனாவைப் பிடித்தால் மெருகு பிசுபிசுக்கும்.

இனி நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், குடியரசு நாளன்று மாணவர்க்குப் பரிசளிக்க 120 மரப் பேனாக்களுக்கு ஏற்பாடு செய்தோம். சாலையோரத்தில் வெட்டப்பெற்ற வேப்பமரத்தின் கட்டை கைவசம் இருந்தது. வெட்டி ஆறு வாரமே ஆகியிருந்தது. கடைசல்காரர் அறுபது வயதைக் கடந்தவர். கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது இன்னும் பச்சை. சித்திரை தாண்டினால்தான் நிற்கும்” என்றார். “விழா நாளை மாற்ற முடியாதே, பெரியவரே” என்றோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சொன்ன நாளில் 120 பேனாக்களும் வந்தன. கொட்டாங்கச்சிப் பூணிட்ட அழகிய பேனாக்கள். மேடையில் நமக்குப் பாராட்டும் கிடைத்தது. ஏப்ரல் முடிவதற்குள் 31 பேனாக்கள் வெடித்துத் திரும்பி வந்தன. வெடிப்பு எல்லாவற்றிலும் பூணுக்கு மேலே, தோளை ஒட்டிய இடத்தில்தான் தொடங்கியிருந்தது. வெடிக்காத சிலவற்றிலும் மரம் சுருங்கிவிட்டபடியால் பூண் மட்டும் துருத்திக்கொண்டு நகத்தில் இடறியது.

காரணம் தெளிவு. உலக்கையில் உலோகம் வெளியே, மரம் உள்ளே. மரம் சுருங்கினால் பூண் தளரும், அவ்வளவே. பேனாவில் உலோகக் குழாய் உள்ளே, மரம் வெளியே. சுருங்க விரும்பும் மரத்துக்கு இடமில்லை; ஆகவே வெடிக்கிறது. பூணை ஒட்டிய முனை திறந்த முகமாதலால் ஈரம் அங்கே விரைவில் வெளியேறுகிறது. வெடிப்பும் அங்கேயே பிறக்கிறது. மேலும் மரம் நீளவாட்டில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்குவாட்டில்தான் சுருக்கம் அதிகம். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆதலால் மரத்தில் பூண் செய்வோர் பலகையின் முகத்தில் துளையிட்டு எடுக்கும் வளையத்தை நம்பலாகாது. அது நாளடைவில் முட்டை வடிவாகும், இரு பக்கத்தில் இரேகை குறுகி உடையும். உடலைப் போலவே நீளவாட்டில் துளையிட்ட கட்டையிலிருந்து வில்லை அறுத்தால், உடல் நகரும் வழியில் பூணும் நகரும்.

அப்பெரியவர் 31 பேனாக்களையும் வாங்கிக்கொண்டு, தம் செலவிலேயே வேறு கடைந்து கொடுத்தார். தொகை வாங்க மறுத்துவிட்டார். பிழை நம்முடையது, பெயர் கெட்டதோ அவருடையது. அடுத்த ஆண்டு அவ்வூரில் அவரிடம் பேனா கேட்டு வந்தவர் மிகச் சிலர்.

மாற்றுப் பேனாக்களுக்கு அவர் எடுத்த மரம், இடித்த வீடு ஒன்றின் பழைய நிலைக்கால். பல்லாண்டு காய்ந்த அம்மரத்தில் கடைந்தவை இன்றும் நம் மேசையில் ஒன்றும் பிறரிடம் சிலவுமாக எழுதிக்கொண்டிருக்கின்றன. வண்டிச் சக்கரத்து ஆரக்கால், உடைந்த ஏர்மேழி, பழைய உத்தரம் ஆகியவை பேனாவுக்கு மிக உகந்தவை. ஊர்ப் பள்ளியின் பழைய உத்தரத்தில் செய்த பேனாவை அப்பள்ளியில் படித்தவர் எவ்விலைக்கும் வாங்குவர் என்பதையும் சேர்த்து எண்ணுக. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் விழுந்த தென்னைகளைப் போன்றவையும் வீணல்ல. முதிர்ந்த தென்னையின் அடித்தண்டு கெட்டியானது, புள்ளி புள்ளியாய் அழகியது. ஆனால் நார் பிரியும்; உளி மிகக் கூராக இருக்கவேண்டும்.

புதுமரமே கிடைக்கிறதெனில், கட்டைகளாக அறுத்து, முனைகளில் மெழுகு தோய்த்து, காற்றோடும் நிழலில் இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். அடுக்கில் சிலவற்றிற்கு எண்ணிட்டு வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவர வேண்டும். ஒரு கட்டையின் எடை 40 கிராம் அளவே இருக்குமாதலால், நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசு தேவை. தொடர்ந்து நான்கு வாரம் எடை குறையாதிருந்தால் மரம் ஆயத்தம். பருவம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஐப்பசி மழையில் எடை நின்றுவிட்டதென்று ஏமாறலாகாது.

வேறு சில குறிப்புகள். பட்டறையில் தோளில் துண்டோடு நிற்பது ஆபத்து. சுழலும் கம்பி அதைப் பற்றி இழுத்துவிடும். வளையலும் அங்ஙனமே. மரத்தூளும் ஓட்டுத் தூளும் நெஞ்சுக்குக் கேடாகையால் முகமூடி கட்டாயம். மெலிந்த வகைக்குரிய உலோக ரீபிள் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்காது. மை தீர்ந்ததும் பேனா அலமாரிக்குப் போய்விடும். ஆதலால் பேனாவோடு இரண்டு ரீபிள் சேர்த்து விற்க வேண்டும். விலை குறிப்பதில் நாணம் வேண்டா. நாம் அருகிலிருந்து பார்த்தவரையில் பூணில்லாப் பேனாவுக்கு முக்கால் மணியும், மூன்று வரிப் பூணுக்கு மேலும் ஒரு மணிக்குக் குறையாமலும் ஆகிறது. அந்த ஒரு மணிக்குக் கூலி சேர்க்காமல் விற்பவரே பலர். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். சந்தனம், செஞ்சந்தனம் போன்றவற்றை உரிய வனத்துறைச் சீட்டு இல்லாமல் பட்டறையில் வைத்திருக்கவே கூடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். புறம்போக்கில் விழுந்த மரங்களை ஏலம் விடும்போது அடிமரமும் கிளையும் ஒரே தொகுதியாகப் போவதால், விறகு வியாபாரியோடு போட்டியிடக் கடைசல்காரரால் முடிவதில்லை. பேனாவுக்கு வேண்டுவது மணிக்கட்டுக் கனத்துக்குக் குறையாத கிளைக்கட்டைகளே. அவற்றைச் சிறு தொகுதியாகப் பிரித்துத் தனியே ஏலத்தில் வைக்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். எடுத்தவர் அன்றைக்கே முனைகளில் மெழுகு பூசிவிட வேண்டும். ஏலக் களத்தில் இரண்டு நாள் வெயிலில் கிடந்த கட்டை, பட்டறைக்கு வருமுன்னரே வெடித்திருக்கும்.