இலையுதிரும் முசுக்கட்டை

பங்குனி மாதத்தில் தில்லித் தெருவோரங்களில் வெண்மையும் கருஞ்சிவப்புமாகச் சிறு பழங்கள் உதிர்ந்து கிடக்கக் காணலாம். ஷஹ்தூத் என்று வழங்கும் அப்பழத்தைத் தரும் மரம் நமக்குப் புதியதன்று. தருமபுரியிலும் ஓசூரிலும் பட்டுப்புழுவுக்காகப் பயிரிடப்படும் மல்பெரியே அது. முசுக்கட்டை என்பது தமிழ்ப் பெயர். ஆலும் அரசும் பலாவும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. தெற்கே ஆளுயரச் செடியாகக் கண்டதை, வடக்கே ஓங்கிய மரமாகக் காணும்போது இன்னதென்று அறியாமற்போவது இயல்பே.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? முசுக்கட்டை இயல்பில் இலையுதிர் மரம். காஷ்மீரத்தில் குளிர் நெருங்கியதும் அதன் இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. பனிக்காலம் முழுதும் வெறுங்கிளைகளோடு நின்று, சித்திரையில் மீண்டும் துளிர்க்கிறது. தெற்கே அத்தகைய குளிர் இல்லை. அங்கே உழவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிவிடுகின்றனர், புதுத்தளிர் பொங்குகிறது. வெட்டவெட்ட அது மரமாகாமல் செடியாகவே நிற்கிறது. வடக்கே குளிர் செய்யும் வேலையைத் தெற்கே அரிவாள் செய்கிறது எனலாம்.

இதில் பல குடும்பங்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. இப்பட்டுப்புழுவுக்கு முசுக்கட்டை இலையே உணவு. முட்டையினின்று வெளிவந்து கூடு கட்டுவதற்குள், ஏறத்தாழ 25 நாட்களில், அது நான்கு முறை தோலுரிக்கிறது. தின்னும் இலையில் பெரும்பகுதியை இறுதி வாரத்தில் தின்கிறது. மரம் துளிர்க்குமுன் முட்டை பொரிந்தால் புழுக்கள் பட்டினியால் மடியும். காலந்தாழ்ந்து பொரிந்தால் இலை முற்றிவிடும். ஆகவே முட்டைகளைக் குளிர்ச்சியில் வைத்துக் காத்து, துளிர் விடும் வேளையறிந்து பொரிக்கச் செய்கின்றனர். மரம் உறங்கும்போது முட்டையும் உறங்குகிறது.

தெற்கே ஆண்டுக்கு ஐந்தாறு முறை புழு வளர்ப்பவர், ஒருமுறை நேர்ந்த நட்டத்தை மறுமுறை ஈடுசெய்யக்கூடும். காஷ்மீரத்திலோ வசந்தகால வளர்ப்பே முதன்மையானது. அது தவறினால் அவ்வாண்டின் பட்டு வருவாயில் பெரும்பகுதி போயிற்று. வயல் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் நிற்கும் மரங்களின் இலையைப் பறித்தே பலர் புழு வளர்க்கின்றனர். நிலமில்லாதாருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. தெற்கில் நட்ட செடி ஓராண்டில் பயன் தரத் தொடங்கும். வடக்கில் நட்ட கன்று மரமாகிப் போதிய இலை தரப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் அங்கே சாலையோரத்து முசுக்கட்டை ஒன்று வீழ்த்தப்பட்டால், நிழலோடு ஒரு குடும்பத்தின் பல வசந்தங்களின் வருவாயும் உடன் போகிறது.