வகுப்பறையில் ஒரு விமான நிறுவனம்

மேற்கிலிருந்து காற்று வீசும் நாள்களில், சென்னைக்கு வரும் விமானங்கள் கடல் பக்கமிருந்து அடையாற்றின் மேல் தாழ்ந்து வந்து இறங்கும். அந்த நேரத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துவது எளிதன்று. எல்லாக் கண்களும் சன்னலில்தான் இருக்கும். அதட்டிச் சலித்த பிறகு, அந்த விமானத்தையே பாடமாக்கினால் என்ன என்று தோன்றியது.

உலகெங்கும் பலர் கணினியில் சிமுலேட்டர் மூலம் விமானம் ஓட்டிப் பழகுகிறார்கள். 2001இல் தொடங்கிய ‘வாட்சிம்’ இணைய அமைப்பில் ஒருவர் தம் வீட்டிலிருந்து விமானம் ஓட்டுவார். இன்னொருவர் தம் வீட்டிலிருந்தே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வழிகாட்டுவார். இத்தகையோர் கூடி மெய்நிகர் விமான நிறுவனங்களும் தொடங்குகிறார்கள். பயணிகள் இல்லை, பணமும் இல்லை. ஆனால் வழித்தடம், கால அட்டவணை, அழைப்புப் பெயர், பயண அறிக்கை எல்லாம் உண்டு. இதன் எளிய வடிவத்தை, இணையம் இல்லாமலே எங்கள் வகுப்பில் தொடங்கினோம். கட்டணமில்லா ‘ஃப்ளைட்கியர்’ மென்பொருள் ஒரு கணினியில் இருந்தால் போதும்.

முதல் கணக்கு: நேரம்

வழித்தடம் சென்னை–சேலம். வரைபடத்தில் அளந்தால் நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ. சுமார் 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். மாணவர்கள் வகுத்து, 32 நிமிடம் என்றார்கள். உண்மையான அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம்! காரணத்தைச் சிமுலேட்டர் காட்டியது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். மேலேறும்போது வேகம் குறைவு. இறங்கும் முன் வேகத்தைக் குறைத்து வரிசைக்கு வர வேண்டும். சராசரி வேகம் என்றால் என்னவென்று அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

இரண்டாம் கணக்கு: பணம்

ஒரு பயணத்தின் செலவு ரூ.1,50,000 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். 35 இருக்கைகள் தலா ரூ.2,500, மீதி 35 இருக்கைகள் தலா ரூ.3,000. மலிவான இருக்கைகளே முதலில் விற்கும் என்று கொண்டால், 56 பேர் ஏறினால்தான் நட்டம் வராது. அதாவது 80 விழுக்காடு. தினமும் பயணிகளின் எண்ணிக்கையைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். முதல் வாரம் ஐந்தில் நான்கு நாள் நட்டம். 42 பேர் ஏறிய நாளில் மட்டும் ரூ.41,500 போயிற்று.

‘சேலம் விமானத்தை நிறுத்திவிடலாம்’ என்று பெரும்பாலோர் கை உயர்த்தினார்கள். அப்போதுதான் ‘உடான்’ திட்டத்தைச் சொன்னேன். ஒன்றிய அரசு 2016இல் அறிவித்த இத்திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி இடையே பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்திற்கு, ஒரு பகுதி இருக்கைகளுக்கு மட்டும் ரூ.2,500 என உச்சவரம்பு வைத்தார்கள். நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்ட மூன்றாண்டுகளுக்கு நிதி. சென்னை–சேலம் சேவையும் 2018 மார்ச்சில் இப்படித்தான் தொடங்கியது. பின்னர் அது நின்றுபோய், 2023 அக்டோபரில் வேறொரு நிறுவனத்தால் மீண்டும் வந்தது.

ஒரு மாணவன் எழுந்தான். “சார், எங்க ஆயா சேலத்துக்கு பஸ்லதான் போவாங்க. பிளேன்ல போறவங்களுக்கு கவர்ன்மெண்ட் எதுக்கு காசு தரணும்?”

ஒரு மாணவி உடனே, “எங்கம்மா ஃப்ரீ பஸ்லதான வேலைக்குப் போறாங்க? அதுக்கும் கவர்ன்மெண்ட்தான காசு குடுக்குது?” என்றாள்.

“அது தினமும் வேலைக்குப் போறதுக்கு. இதுவும் அதுவும் ஒண்ணா?”

மணி அடித்தது, யாரும் எழவில்லை. விடையை நான் சொல்லவில்லை. பொதுப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற கேள்வியைக் கணக்கு வகுப்பிலிருந்தே அவர்கள் சமூக அறிவியலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். மறுநாள் இரு அணிகளாகப் பிரிந்து எழுதி வந்தார்கள்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

நான்கு குழுக்கள் போதும்: வழித்தடம், அட்டவணை, கணக்கு, கட்டுப்பாட்டு அறை. விமானம் ஓட்டும் வாய்ப்பை எல்லோருக்கும் சுழற்சியில் கொடுங்கள். இல்லையென்றால் கணினி தெரிந்த இரண்டு பேரே ஓட்டுவார்கள். இணைய அமைப்புகளுக்கு வயது வரம்பு உண்டு. எனவே மாணவர்களை அவற்றில் சேர்க்க வேண்டாம். தொடக்கப் பள்ளியில் கணினியே தேவையில்லை: தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த தமிழ்நாடு, ஒரு காகித விமானம், ஓர் அட்டவணை.

இப்போதும் விமானம் போனால் சன்னலைப் பார்க்கிறார்கள். ஆனால், “சார், அதுல எத்தனை பேர் இருப்பாங்க?” என்று கேட்கிறார்கள்.