பொறிவண்டு உயர்ந்தது, புழு தாழ்ந்ததா?

பொறிவண்டையும் கடலில் வாழும் ரிப்பன் புழுவையும் அருகருகே வைத்தால், வண்டு வளர்ந்த உயிர், புழு தாழ்ந்த உயிர் என்றே பலரும் சொல்வார்கள். உடலுக்குள் பார்த்தால் இந்த வரிசை நிற்காது. வண்டின் இரத்தம் பெரும்பாலும் குழாய்களுக்குள் அடங்காமல் உறுப்புகளைச் சுற்றிப் பரவுகிறது. ரிப்பன் புழுவுக்கோ மூடிய இரத்தக் குழாய்கள் உண்டு. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் முழுமையான குடலும் உண்டு. குடலே இல்லாத ஒட்டுண்ணி நாடாப்புழு வேறு, இது வேறு. இது தேர்ந்த வேட்டையாடி. இரை தென்பட்டதும் உள்ளே மடிந்திருக்கும் நீண்ட துதிக்கையை வெளியே வீசிப் பிடித்துவிடும்.

வண்டுக்குச் சிறகும் கெட்டியான ஓடும் இருக்கின்றனவே, புழு வெறும் சதைதானே என்று கேட்கலாம். ஆனால் வண்டே ஓட்டை மட்டும் நம்பியில்லை. சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து கசப்பான மஞ்சள் திரவத்தைக் கசியவிடுகிறது. புழு இதே உத்தியை இன்னும் தீவிரமாகக் கையாளுகிறது. வட ஐரோப்பியக் கரைகளில் காணப்படும் பூட்லேஸ் புழு என்னும் ரிப்பன் புழு வகையின் சளியிலுள்ள நச்சு நண்டுகளையும் கரப்பான்பூச்சிகளையும் கொல்ல வல்லது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனுக்கு உதவுவது வண்டுதானே என்பது அடுத்த வாதம். உண்மைதான், 1888-89-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுசென்ற பொறிவண்டுகளே கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளைச் செதில் பூச்சியிடமிருந்து காப்பாற்றின. அந்த நன்றி நியாயமானது. ஆனால் அது நம் பயனை அளக்கும் கோல், உயிரின் தரத்தை அளப்பதல்ல. வம்சாவழியிலோ இந்தப் புழுவுக்கு வண்டைவிட நத்தையே நெருங்கிய உறவு.