வண்ணப் புரவிகள் – 7: செவலைக்கும் செவலைக்கும் பிறந்தது

போன வாரம் வியன்னாவில், லிப்பிசானர் குதிரைகளின் லாயத்தில் நிறுத்தியிருந்தேன். கறுத்துப் பிறந்து வெளுத்து வளர்கிற குதிரைகள். எப்படி வெளுக்கின்றன என்பதை இந்த வாரம் சொல்வதாக ஏற்பாடு. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம்.

ஆனால் வெள்ளைக் குதிரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் செவலை நிறத்தை இரண்டு பத்தியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1905-ம் வருஷத்துச் சண்டை ஒன்று குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. ஆசிரியர் இலாகாவிலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. இருக்கட்டும்.

விதி ரொம்பச் சின்னது. செவலைப் பொலிகுதிரையையும் செவலைப் பெட்டையையும் சேர்த்தால் பிறப்பது செவலை. தாத்தா கறுப்பா, பாட்டி பழுப்பா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. மாறாக, பந்தயக்காரர்கள் ‘பே’ என்று சொல்கிற நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு பழுப்பு; பிடரி, வால், காது விளிம்பு, கால்களின் கீழ்ப்பாதி எல்லாம் கறுப்பு. இரண்டு ‘பே’ சேர்ந்தால் ‘பே’ பிறக்கலாம், கறுப்பு பிறக்கலாம், திடீரென்று செவலையும் பிறக்கலாம். செவலையிலிருந்து மட்டும் திரும்பி வர வழி கிடையாது.

குதிரை வளர்ப்பவர்களில் பலருக்கு இது அரைகுறையாகத் தெரிந்திருக்கும். இதை எண்ணிக் காட்டியவர் குதிரைக்காரரே அல்ல. சார்லஸ் சேம்பர்லின் ஹர்ஸ்ட், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பர்பேஜ் என்ற ஊரில் ஆர்க்கிட் வளர்த்துக்கொண்டிருந்தவர். மெண்டலின் பட்டாணிக் கணக்கு 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் அதில் விழுந்து, எழவே இல்லாத ஆள். பட்டாணிக்குப் பொருந்துவது பெரிய விலங்குக்கும் பொருந்துமா என்று பார்க்க அவருக்குப் பண்ணை தேவைப்படவில்லை, புத்தகம் இருந்தது. பந்தயக் குதிரைகளின் வம்சாவளியை வெதர்பி குடும்பத்தார் 1791-லிருந்து அச்சிட்டு வருகிறார்கள். ஒவ்வொரு பெட்டையின் பேர், அது எந்த வருஷம் எந்தப் பொலிகுதிரைக்கு என்ன ஈன்றது, குட்டியின் நிறம் என்ன, எல்லாம் வரிவரியாக இருக்கும். ஹர்ஸ்ட் அதைப் புரட்டி எண்ணினார். செவலைக்கும் செவலைக்கும் பிறந்தவை, விரல் விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகளைத் தவிர, எல்லாம் செவலை. மெண்டலின் ‘ஒடுங்கு பண்பு’ அப்படியே குதிரை மேல் உட்கார்ந்திருந்தது.

1905 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. கூட்டத்தில் வால்டர் வெல்டன் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் விலங்கியல் பேராசிரியர், மெண்டலியர்களின் முதல் எதிரி. எழுந்து, அதே புத்தகத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். மெண்டலியர்களின் தளபதி வில்லியம் பேட்சனே ஆடிப்போனார். கட்டுரையை நிறுத்தி வைக்கலாமா என்கிற அளவுக்கு யோசனை போனது. ஹர்ஸ்ட் மட்டும் அசையவில்லை. விதிவிலக்குகள் பதிவுப் பிழைகள் என்பதுதான் அவர் கட்சி.

வெல்டன் இதை விடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரோமுக்குப் போனபோது வம்சாவளிப் புத்தகத்தின் கனத்த தொகுதிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ரோமில் போய் உட்கார்ந்து குதிரைக்குட்டிகளின் நிறத்தை எண்ணிக்கொண்டிருந்த மனிதரை நினைத்தால் எனக்கு அவர்மேல் பெரிய பிரியம் வருகிறது.

அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1902-லேயே மெண்டலின் பட்டாணியைக் கையில் எடுத்தவர் அவர். மஞ்சள், பச்சை என்று இரண்டே பெட்டி போடுகிறீர்களே, நடுவில் இத்தனை சாயல் இருக்கின்றனவே என்று பட்டாணிகளை வரிசையாக அடுக்கிப் படமெடுத்துக் காட்டினார். கேள்வி நியாயமானது. இங்கிலாந்தின் லீட்ஸில் அறிவியல் வரலாறு எழுதும் கிரெகரி ராடிக், வெல்டன் வென்றிருந்தால் மரபியல் பாடமே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று 2023-ல் ஒரு முழுப் புத்தகம் போட்டிருக்கிறார். பட்டாணியில் வெல்டனுக்குப் பாதி நியாயம் உண்டு. குதிரையில் கிடையாது.

ஏன் என்பதற்கு அவர் எதை நம்பினார் என்று பார்க்க வேண்டும். கால்டனின் முன்னோர் விதி என்று ஒன்று அப்போது செல்வாக்காக இருந்தது. பிள்ளையின் குணத்தில் பெற்றோர் இருவருக்குமாகப் பாதிப் பங்கு, தாத்தா பாட்டிமாருக்குக் கால், அதற்கு மேலே அரைக்கால் என்று பரம்பரை முழுதும் பங்கு போட்டுக்கொண்டே போகும். அதன்படி, ‘பே’ முன்னோர்கள் வரிசையாக நிற்கிற ஒரு செவலைக்கு எப்போதாவது ‘பே’ குட்டி பிறந்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஹர்ஸ்டின் சாமர்த்தியம் தெரிகிறது. இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் என்ற உழவுக்குதிரை இனம் உண்டு. அத்தனையும் செவலை. இன்றிருக்கும் ஒவ்வொரு சஃபோக் குதிரையின் ஆண்வழியும் 1768-ல் பிறந்த ஒரே ஒரு பொலிகுதிரையில், அஃபோர்டு ஊர் கிரிஸ்ப் என்பவரின் குதிரையில், போய் முடியும். செவலைக்குச் செவலை பிறக்கிறது என்று காட்ட அங்கே போயிருந்தால் வேலை சுலபம், வாதமும் செத்துப்போயிருக்கும். முன்னோர் எல்லாரும் செவலை, பிள்ளையும் செவலை, இதைத்தானே கால்டன் சொன்னார் என்று வெல்டன் சிரித்திருப்பார். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ‘பே’. அங்கே ஒரு செவலையின் பின்னால் ‘பே’ முன்னோர்கள் கூட்டமாக நிற்பார்கள். அவர்கள் இருந்தும் குட்டிகள் செவலையாகவே பிறந்தன. முன்னோர் விதி உடைந்தது அங்கேதான்.

சரி, அந்த விதிவிலக்குகள்? புதிதாகப் பிறந்த ‘பே’ குட்டியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கால்கள் கறுப்பாகவே இருக்காது. வெளிறிய சாம்பலும் வைக்கோல் நிறமும் கலந்த பூமயிர் குளம்பு வரைக்கும் மூடியிருக்கும். சில மாதத்தில் அந்த மயிர் உதிரும்போதுதான், முழங்காலிலும் கணுக்காலிலும் அங்கங்கே கண்ணுக்கு மை தீட்டினாற்போலக் கறுப்பு தலைகாட்டும். அதற்கு முன்பே நிறத்தை எழுதி அனுப்புகிறவர் ‘பே’யைச் செவலை என்று எழுதலாம். எதிர்த் திசையிலும் ஏமாறலாம். ஈரல் நிறத்துச் செவலை என்று ஒன்று உண்டு, எட்ட நின்று பார்த்தால் கரும்பழுப்பேதான். கிட்டே போய்ப் பிடரியையும் முழங்காலையும் விலக்கிப் பார்த்தால் ஒரு மயிர்கூடச் சுத்தக் கறுப்பாக இருக்காது. இதற்கு மேல், ஒரு பருவத்தில் பெட்டையை இரண்டு பொலிகுதிரைகளுக்கு விட்டுவிட்டுப் பத்திரத்தில் ஒருவர் பேரை மட்டும் எழுதுவதும் நடக்கும். லாயக்காரரும் மனிதர்தானே.

ஆக, வெல்டன் பிடித்துத் தொங்கிய விதிவிலக்குகள் குதிரையில் இல்லை, எழுதின கையில் இருந்தன. பட்டாணியின் சாயலைப் பெட்டிக்குள் அடைக்காதே என்று சண்டை போட்ட மனிதர், குதிரைப் பதிவேட்டின் பெட்டிகளை அப்படியே நம்பினார்.

அதை ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ அவருக்கு நாள் இருக்கவில்லை. 1906 ஈஸ்டர் விடுமுறைக்கு மனைவியோடு உல்ஸ்டன் கிராமத்து விடுதியில் தங்கியிருந்தபோது காய்ச்சல் கண்டது. அந்தக் கிராமம் வெள்ளைக்குதிரைக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. சுமார் மூவாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ புல்லைச் செதுக்கிச் சுண்ணக்கல்லை நிரப்பி வரைந்த, 110 மீட்டர் நீளத்துக் குதிரை அந்தக் குன்றின் மேல் ஓடுகிறது. கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள். காய்ச்சலோடு லண்டனுக்குப் போனவர் நிமோனியாவில் ஏப்ரல் 13-ம் தேதி இறந்தார். வயது 46. பேட்சனும் அவரும் கேம்பிரிட்ஜில் ஒரே கல்லூரியில் படித்த சிநேகிதர்கள், பிறகுதான் பகை. தன் வாழ்க்கையின் பெரிய விழிப்புக்கு வெல்டனே காரணம் என்ற பொருளில் பேட்சன் தன் மனைவிக்கு எழுதினார்.

தீர்ப்பு வர மேலும் 90 வருஷம் ஆனது. 1996-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சனின் குழு செவலையின் மரபணுவைக் கண்டுபிடித்தது. பேர் எம்சி1ஆர். மயிர்க்காலில் நிறம் செய்கிற செல்லின் மேல் ஒரு வாங்கி இருக்கிறது. ‘கறுப்பு செய்’ என்ற ஹார்மோன் சேதி அதில் வந்து உட்கார்ந்தால் கறுப்பு நிறமி தயாராகும். சேதி உறைக்கவில்லை என்றால் செல் தன் போக்கில் சிவப்பு நிறமி செய்யும். செவலைக் குதிரையில் அந்த வாங்கியின் 83-வது கண்ணியில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் இருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு. தாய் வழி, தகப்பன் வழி இரண்டு பிரதியும் இப்படிப் பழுதாக இருந்தால் மயிர் செவலை. நல்ல பிரதி ஒன்று இருந்தாலும் கறுப்பு எங்கேயாவது வந்துவிடும். செவலையிடம் கொடுப்பதற்கு நல்ல பிரதியே இல்லை. பிறகு ‘பே’ எங்கிருந்து வரும்?

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் தலைமயிர் சிவந்தவர்களைப் பார்க்கிறோமே, அவர்களுக்கும் பழுது இதே மரபணுவில்தான். ஒரு வித்தியாசம்: அவர்கள் தோலும் வெளிறியிருக்கும். செவலைக் குதிரையின் மயிரை விலக்கிப் பாருங்கள், தோல் நல்ல கறுப்பு.

இன்னும் ஒரே ஒரு குதிரை. எக்லிப்ஸ். 1764 ஏப்ரல் 1 சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் அந்தப் பேர். ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்றதில்லை. நிறம் செவலை. தாய் ஸ்பில்லெட்டா, ‘பே’. தகப்பன் பத்திரத்தின்படி மார்ஸ்க், அதுவும் கறுப்புக் கலந்த பழுப்பு. இல்லை, ஷேக்ஸ்பியர் என்ற செவலைப் பொலிகுதிரைதான் நிஜத் தகப்பன் என்று அப்போதே ஊர் பேசியது. மரபணு படித்த பிறகு இதைத் தீர்க்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்ஸ்க் என்றால், அதுவும் ஸ்பில்லெட்டாவும் ஆளுக்கொரு பழுதுப் பிரதியை ஒளித்து வைத்திருந்திருக்க வேண்டும், செவலை பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஷேக்ஸ்பியர் என்றால் இரண்டில் ஒன்று. இரண்டுமே நடக்கக்கூடியது. நிறத்தை வைத்து வழக்குத் தீராது. தாய் பழுதுப் பிரதி வைத்திருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

இடம் முடிந்துவிட்டது. உப்சாலாவின் அதே ஆண்டர்சன் குழுதான் 2008-ல் வெளுக்கிற குதிரையின் மரபணுவையும் பிடித்தது. அந்த வெள்ளைக்குக் குதிரை கொடுக்கிற விலை புற்றுக்கட்டி. அது அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் இரண்டு செவலைக்கு ‘பே’ குட்டி பிறந்ததாக உங்களிடம் யாராவது பத்திரம் காட்டினால், குட்டியை வாங்குமுன் லாயக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிடுங்கள்.

(தொடரும்)