நிலவறையில் கிடைத்த குறுந்தொகை

ஆங்கில இலக்கியம் படித்த மைசூர்த் தமிழர் ஒருவர் தன் மொழியின் பழங்கவிதையைக் கண்டுகொண்டது சிகாகோவில்

மகனுக்குக் கணக்கு வராது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவோ மைசூரில் கணிதப் பேராசிரியர். கல்லூரியில் முதலாண்டு அறிவியல் படித்துக்கொண்டிருந்த பையனைக் கையோடு பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் ஆங்கில இலக்கியத்துக்கு மாற்றிவிட்டார். கவிதை படிக்க ஆசைப்படும் பிள்ளையை மிரட்டி எஞ்சினியரிங்கில் சேர்க்கும் நாட்டில் இது கொஞ்சம் தலைகீழான கதைதான்.

அந்தப் பையன் ஏ.கே. ராமானுஜன். பிறந்தது 1929-ல். மகாராஜா கல்லூரியில் 1949-ல் பி.ஏ. ஆனர்ஸ், அடுத்த ஆண்டே எம்.ஏ. பின்னாளில் கவிஞர், மொழியியலாளர், சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று பல விதங்களில் பெயர் பெற்றார். ஆனால் இலக்கிய மாணவனாகத் தான் படித்தது என்ன, படிக்காமல் விட்டது என்ன என்று கணக்குப் பார்ப்பதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

கணக்கு வீட்டிலிருந்து தொடங்குகிறது. மைசூர் வீட்டைப் பற்றி அவர் பிற்காலக் கட்டுரையொன்றில் எழுதியிருக்கிறார். மாடியில் அப்பாவின் படிப்பறை, அதில் ஆங்கிலப் புத்தகங்களும் சமஸ்கிருதப் புத்தகங்களும். அதற்கும் மேலே மொட்டை மாடி. இரவில் அங்கே நின்று அப்பா நட்சத்திரங்களைக் காட்டுவார். கீழே சமையலறைப் பக்கம் அம்மாவின் தமிழ். வாசலைத் தாண்டினால் தெருவில் கன்னடம். பிள்ளைகள் ஒரே நாளில் பல முறை மொழிகளுக்கிடையே ஏறி இறங்கினார்கள். அப்பாவும் லேசுப்பட்டவரல்ல. பஞ்சகச்சமும் தலைப்பாகையும் நெற்றியில் நாமமும், மேலே ஆங்கிலேயக் கோட்டும் டையும். வானியலும் தெரியும், ஜோதிடமும் பார்ப்பார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று மகன் மடக்கினால், மூளைக்கு இரண்டு பாகம் இருப்பது தெரியாதா என்று கேட்டுச் சிரிப்பார்.

கல்லூரி எதை இலக்கியம் என்றதோ அது மாடியில் இருந்தது. அக்கால ஆங்கில ஆனர்ஸ் என்றால் ஷேக்ஸ்பியர், மில்டன், வோர்ட்ஸ்வொர்த். ராத்திரிச் சாப்பாட்டின்போது பாட்டியோ சமையல்காரம்மாவோ சோற்றுருண்டையோடு சேர்த்துக் கையில் போட்ட கதைகளுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் பெயரே கிடையாது.

அந்த வித்தியாசம் ராமானுஜனுக்கு உறைத்தது வகுப்பில் அல்ல. கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் அவர் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். வட கர்நாடகக் கிராமம் ஒன்றில், எழுதப் படிக்கத் தெரியாத, பார்வை மங்கிய முதியவள் ஒருத்தி சொன்ன கதை அவரைப் பல காலம் துரத்தியது. சொந்த மகனையே மணந்து பிள்ளை பெறுவாள் என்று தலையில் எழுதப்பட்ட ஒரு பெண். விதியிலிருந்து தப்பக் காட்டுக்கு ஓடுகிறாள். விதி விடவில்லை. இலக்கிய மாணவர்கள் கிரேக்க ஈடிபஸாக மனப்பாடம் செய்த அதே கதைதான். ஆனால் இங்கே கதை மகனுடையதல்ல, தாயினுடையது. உண்மை தெரிந்ததும் உடைந்துபோவதும் அவள்தான். சோபாக்ளிஸைப் படித்திருந்ததால்தான் அந்தக் கிழவியின் கதை எவ்வளவு பெரியது என்று அவருக்குப் புரிந்தது என்றும் சொல்லலாம். ஆங்கிலப் படிப்பை அவர் ஒருநாளும் தூற்றியதில்லை. வடிவங்களை ஆங்கிலமும் மொழியியலும் தந்தன, உள்ளிருக்கும் சரக்கைக் கன்னடமும் தமிழும் தந்தன, எது எங்கிருந்து வருகிறது என்று தன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பது அவரது வாக்குமூலம்.

1959-ல் அமெரிக்கா போய் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தார். 1962-ல் சிகாகோவில் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலக நிலவறைக்குள் நுழைந்தார். தேடியது பழந்தமிழுக்கு ஓர் ஆரம்ப இலக்கண நூல். வீட்டில் தமிழ் பேசியவர்தான், ஆனால் பழந்தமிழைப் படித்தவரல்ல. கைக்குக் கிடைத்தது உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கிடையே தரையிலேயே உட்கார்ந்து புரட்டினார். ஐயரின் உரை விளங்கியது. உரை விளங்கியதும் பாட்டு திறந்துகொண்டது. கழுதையைத் தேடிப் போய் ராஜ்யத்தைக் கண்டெடுத்த பைபிள் கதாபாத்திரத்தோடு தன்னை ஒப்பிட்டு அவர் பின்னர் எழுதினார். தன் சொத்து எதுவென்றே தெரியாத வாரிசாக அத்தனை நாள் இருந்துவிட்டோமே என்ற அதிர்ச்சியும் அதில் உண்டு.

அந்தப் பதிப்பாசிரியருக்கும் இப்படி ஓர் அதிர்ச்சி வைத்தியம் நடந்திருக்கிறது. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், இளம் தமிழாசிரியரான சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கிய பட்டியல் முதலியாரிடம் எடுபடவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்ற ஒரு கேள்வியில் பட்டியல் சரிந்தது. மகாவித்துவானிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவருக்கே அந்தக் கதி. ஆங்கிலப் பாடத்திட்டத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

நிலவறையில் எடுத்த புத்தகம் 1967-ல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. கன்னட வசனங்கள் 1973-ல், நம்மாழ்வார் 1981-ல், சங்கப் பாடல்களின் பெருந்தொகுப்பு 1985-ல். செம்புலப்பெயனீரார் பாட்டுக்கு அவர் தந்த ஆங்கிலச் சொற்களே 1995-ல் விக்ரம் சந்திராவின் நாவலுக்குத் தலைப்பாகிவிட்டன. எல்லோரும் கைதட்டிவிடவில்லை. வசனங்களை மேற்கத்திய நவீனக் கவிதையின் சட்டையில் திணிக்கிறார் என்று தேஜஸ்வினி நிரஞ்சனா 1992-ல் வெளிவந்த நூலில் கடுமையாகவே விமர்சித்தார். அதில் விஷயமில்லாமல் இல்லை. வரியை உடைத்து, படிக்கட்டாக இறக்கி, இடைவெளி விட்டு அச்சிட்ட அந்தக் குறுந்தொகையில் ஆங்கில வகுப்பின் ரேகை நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் தலைவியையும் தோழியையும் பண்டிதர் மேடையிலிருந்து இறக்கிப் பேசவைத்த பெருமை அந்தக் கைக்குத்தான்.

மரபு பிறப்புரிமையாகத் தானே வந்து சேராது, பாடுபட்டு மீட்க வேண்டும் என்பது இந்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்த முடிவு. பம்பாயிலும் டெல்லியிலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் வேறு மொழி படித்து வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பாயில் ஆங்கிலம் படித்து, இங்கிலாந்து போய்த் திரும்பி, தமிழை இழந்த வலியையே 1977-ல் 'ரஃப் பாசேஜ்' என்ற கவிதை நூலாக்கிய ஆர். பார்த்தசாரதியும் இதே பாதையில் வந்தவர். அவர் கடைசியில் சிலப்பதிகாரத்தை மொழிபெயர்த்தார்.

ராமானுஜன் 1993 ஜூலையில் சிகாகோவில் காலமானார். அவரது கவிதைத் தொகுப்புக்கு 1999-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2011-ல், வால்மீகியோடு கம்பனையும் சமணரையும் தாய்லாந்தையும் கன்னட நாட்டுப்புறப் பாடகரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்த அவரது ராமாயணக் கட்டுரையை டெல்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. வரலாற்றுப் பாடத்திலிருந்து நீக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த யு.ஜி.சி.யின் மாதிரிப் பாடத்திட்டம், ஆங்கில ஆனர்ஸ் மாணவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் பாடமாக வைத்தது. மொழிபெயர்ப்பு பார்த்தசாரதியுடையது.