பேட்டரி வண்டியும் தூசி கிளப்பும்

மின் ஸ்கூட்டருக்கு ஒன்றிய அரசு 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தில் தரும் மானியம் 2026 மார்ச் 31-உடன் முடியும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 2025-26 நிதியாண்டில் அது கிலோவாட் மணிக்கு 2,500 ரூபாய், அதிகபட்சம் 5,000 ஆக இருந்தது. அதற்குள் வாங்கிவிடலாமா என்று புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம். கடைக்காரர் "மாசே இல்லை" என்கிறார். வாட்ஸ்அப்பில் "டயர் தூசி இதில்தான் அதிகம்" என்று வருகிறது.

விளம்பரங்களின் 'பூஜ்ய உமிழ்வு' சைலன்சரோடு நின்றுவிடும் கணக்கு. பிரேக், டயர், சாலை தேய்ந்து பறக்கும் துகளுக்கு பிஎஸ்-6 விதியில் வரம்பே கிடையாது. பெட்ரோல் வண்டிக்கு நாம் எடுக்கும் பொல்யூஷன் சர்டிபிகேட்டும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் பார்க்கிறது. ஐரோப்பா 2024-இல் இயற்றிய யூரோ 7 விதி பிரேக் துகளுக்கும் வரம்பு வைத்தது: பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், பேட்டரி காருக்கு 3.

பேட்டரி காரால் அந்த 3-க்குள் நிற்க முடியும். ஆக்சிலேட்டரை விட்டதும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை பேட்டரிக்கே திருப்புகிறது. அந்த இழுவையிலேயே வேகம் குறைந்துவிடுவதால் பிரேக் கட்டை உரச வேண்டியதில்லை. உரசாத கட்டையிலிருந்து துகளும் வராது. அருமையான ஏற்பாடு. ஆனால் பேட்டரி நிரம்பியிருக்கும்போதும், நாய் குறுக்கே வந்ததால் சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் பழைய பிரேக்தான் வேலை செய்யும். சில மலிவு ஸ்கூட்டர்களில் இந்த வசதியே இல்லை. வாங்கும் முன் கேளுங்கள்.

டயருக்கு இப்படி எந்த ஏற்பாடும் இல்லை. எடை கூடினால் தேய்மானமும் கூடும். புகையை விட்டுவிட்டு இந்தத் தேய்மானத் துகளை மட்டும் கணக்கிட்ட ஓஇசிடி அமைப்பின் 2020 அறிக்கைப்படி, எடை குறைந்த மின்கார்கள் பெட்ரோல், டீசல் கார்களைவிட பிஎம் 2.5 துகளை 11 முதல் 13 சதவீதம் குறைவாகவும், பெரிய பேட்டரி சுமக்கும் கனத்த மின்கார்கள் 3 முதல் 8 சதவீதம் அதிகமாகவும் வெளியிடுகின்றன. வாட்ஸ்அப் செய்தி அந்தக் கனத்த கார்களுக்கே பொருந்தும். ஸ்கூட்டர் வாங்குபவர் அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

இனி மற்ற கேள்விகள். பேட்டரி வண்டிக்கு பொல்யூஷன் சர்டிபிகேட் வேண்டுமா? வேண்டாம்.

நெய்வேலி நிலக்கரி மின்சாரத்தில்தானே சார்ஜ் ஏறுகிறது? பெரும்பகுதி நிலக்கரிதான், அந்தப் புகை இல்லாமல் போகவில்லை, மின்நிலையத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

தெருப்புழுதி குறையுமா? குறையாது. வயலிலிருந்து டிராக்டர் இழுத்துவரும் மண்ணையும் லாரி சிந்தும் எம்-சாண்டையும் எந்த வண்டியின் சக்கரமும் அரைத்துக் கிளப்பும்.

ஸ்கூட்டர் மாற்றுவது நல்லதே. தெருப்புழுதி குறைய, கொம்யூன் பஞ்சாயத்துகள் சாலையோர மண்ணை அள்ளட்டும். தார்ப்பாய் மூடாத மணல் லாரிகளைப் போலீசார் நிறுத்தட்டும்.