நெஞ்சு ஆபரேஷனுக்குப் பின் எடை தூக்குவது எப்போது?



பைபாஸ் முடிந்து ஊர் திரும்புவோரில் இரண்டு விதம் உண்டு. ஒருவர் பதினைந்தாம் நாளே மரவள்ளி மூட்டையில் கை வைக்கிறார். இன்னொருவர் ஆறு மாதமாகியும் தண்ணீர்ச் சொம்பைக்கூட வீட்டாரையே எடுத்துத் தரச் சொல்கிறார். இரண்டுமே உடம்புக்கு ஆகாது.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே அது நடக்கிறது. ஆனால் எலும்பு கூடுவதற்கு ஆகும் காலம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இதயத்தை எட்ட நடு நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக அறுத்து, முடிவில் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். தோல் தையல் இரண்டு வாரத்தில் ஆறியதுபோல் தெரியும். எலும்பு ஓரளவு கூட 6 முதல் 8 வாரம், உறுதிப்பட ஏறக்குறைய 3 மாதம் ஆகும். மார்புத் தசைகள் அந்த எலும்பின் இருபுறமும் ஒட்டியிருப்பதால், கையை ஊன்றி எழுந்தாலும் பாரம் தூக்கினாலும் இரு பாதியும் எதிரெதிராக இழுபடும். அதனால்தான் அதுவரை 4, 5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரு குடம் தண்ணீரே 15 கிலோ வரும். கேஸ் சிலிண்டரைச் சொல்லவே வேண்டாம். பேரப்பிள்ளையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பைக் ஓட்ட டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள்.

தொழுகையில்தான் நம்மவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஸஜ்தாவிலிருந்து எழும்போது உடல் பாரம் கைகளில் இறங்குகிறது. இயலாதவர் உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கமே அனுமதிக்கிறது. ருகூஉவை விட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகம் குனிந்தால் போதும். நாற்காலியில் தொழுவதில் வெட்கம் எதற்கு?

இதற்காகக் கையைக் கட்டிப்போடவும் வேண்டாம். அசைக்காத தோள் இறுகிப்போகும். வலிக்காத அளவுக்குத் தோள்களை மெல்லச் சுழற்றுங்கள், தினமும் நடங்கள். மூன்று மாதம் கழித்து, டாக்டர் சரி என்றபின், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டலாம். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். தூக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. தண்டால், ஜிம் எல்லாம் கடைசியில், டாக்டரைக் கேட்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு எலும்பு கூட இன்னும் தாமதமாகலாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும் அப்படியே.

நெஞ்செலும்பில் 'டக்' என்று சத்தம் கேட்டாலோ, எலும்பு நகர்வதுபோல் தோன்றினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.